அளவுக்கு நின்றவன்

அந்தப் படத்தை எடுத்தது நான். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள், மற்றதை அப்புறம் சொல்கிறேன்.

சரி, ஆதாரம் வேண்டும் என்கிறீர்கள். ஆதாரம் இல்லாமல் பெயரை மாற்ற மேலதிகாரி சம்மதிக்க மாட்டார் என்கிறீர்கள். நியாயம்தான். பெல்லமி துரையின் ஆல்பத்தில் துரை பெயர்தான் இருக்கிறது. விசாரணைக் காகிதம் எங்காவது மிஞ்சியிருந்தால் அதிலும் துரை பெயர்தான் இருக்கும். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். நீங்கள் அந்த மலைக்குகைப் படங்களையெல்லாம் சேர்த்துப் புத்தகம் போடப் போகிறீர்கள், ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் எடுத்தவன் பெயர் வரும் என்று கேள்விப்பட்டுத்தான் கடிதம் எழுதினேன். பதில்கூட வரும் என்று நினைக்கவில்லை. ஆளே வந்துவிட்டீர்கள்.

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அது படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களுக்கு. இதில் உட்காருங்கள். மத்தியானத்தில் இங்கே யாரும் வரமாட்டார்கள்.

என்னிடம் காகிதம் எதுவும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். கேமராவுக்குப் பக்கத்தில் இருந்தவனுக்கு மட்டும் தெரிகிற விஷயங்கள் சில இருக்கின்றன. கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

எனக்கு அப்போது முப்பது வயது. இதே சிந்தாதிரிப்பேட்டைதான். பெல்லமி துரை சர்க்காருக்குப் படம் எடுத்துக்கொடுப்பவர், அவரிடம் ஆறு வருஷம் இருந்தேன். சம்பளப் பட்டியலில் என் வேலைக்கு 'உதவி' என்று பெயர். பிளேட் கண்ணாடியைத் துடைப்பது, அதன்மேல் மருந்து ஊற்றுவது, வெள்ளி நீரில் முக்குவது, படம் விழுந்ததும் கழுவுவது, வார்னிஷ் பூசுவது எல்லாம் நான். துரை செய்வது இரண்டு காரியம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, எது தெரியவேண்டும் எது தெரியவேண்டாம் என்று பார்ப்பார். பிறகு கேமராக் கண்ணின் மூடியைக் கழற்றுவார், வெளிச்சம் ஏறும்வரை எண்ணிவிட்டு மாட்டுவார். அந்த இரண்டையும் செய்கிறவன்தான் படம் எடுத்தவன் என்று உலகம் சொல்கிறது. நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்வதால்தான் இது என் படம் என்கிறேன்.

இப்போது நீங்கள் பெட்டியில் பிளேட் வாங்கி வருகிறீர்கள், வேண்டும்போது எடுக்கிறீர்கள், ஊருக்கு வந்து ஒரு வாரம் கழித்துக் கழுவுகிறீர்கள். அப்போது அப்படி இல்லை. பிளேட் ஈரமாக இருக்கும்போதே எடுக்கவேண்டும், ஈரமாக இருக்கும்போதே கழுவவேண்டும். மலை வெயிலில் எட்டு நிமிஷம் கிடைக்கும். காய்ந்தால் போயிற்று. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதை மறந்துவிட்டு என்னைப் பற்றி யாரும் எதுவும் சொல்லக்கூடாது.

பம்பாய்ப் பக்கத்து மேற்கு மலை. கீழே கோர்வடி என்று ஒரு சின்ன ஊர். மேலே ஏறினால் பௌத்த பிக்குகளுக்காகப் பாறையைக் குடைந்து செய்த மண்டபம். இரண்டு பக்கமும் தூண்வரிசை, கடைசியில் ஸ்தூபி. முகப்பில் குதிரை லாடம் மாதிரி ஒரு பெரிய வளைவு. வளைவுக்கு உள்ளே, கூரையில், விலா எலும்பு மாதிரி வளைந்த மர விலாக்கள். மரம் மாதிரி செதுக்கிய கல் இல்லை தம்பி, நிஜ மரம். பாறைக்கு எதற்கு மரத்தில் விலா? ஒன்றையும் அது தாங்கவில்லை. மரக்கட்டடம் பார்த்துப் பழகிய கண்ணுக்காக வைத்திருக்கிறார்கள் என்று துரை சொல்வார். ஆயிரத்தெண்ணூறு வருஷம் என்பார். பதினேழு விலா பாக்கி இருந்தது.

ஆனால் அந்த விலாக்கள் எந்தப் படத்திலும் விழவில்லை. எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் வந்து எடுத்திருக்கிறார்கள். இரண்டு படத்திலும் வளைவுக்கு உள்ளே கரியைப் பூசியது மாதிரி இருக்கும். எனக்கு அந்தக் கரியைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ என்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது.

அழகிரியைப் பற்றிச் சொல்லவேண்டும். படத்தில் இடது பக்கத் தூணருகே நிற்கிறானே, அவன்தான். மதராஸ் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவன். பட்டாளத்தைக் கலைத்த பிறகு எங்களிடம் வந்தான். இந்த மாதிரிப் படங்களில் ஒரு மனிதனை நிறுத்துவார்கள், அளவுக்காக. மனிதன் நின்றால்தான் தூண் எவ்வளவு பெரியது என்று பார்க்கிறவனுக்குத் தெரியும். மற்ற துரைகள் கிடைத்த ஆளை நிறுத்துவார்கள். பெல்லமி துரை அப்படி இல்லை. சுவரில் கோடு போட்டு, வேலைக்கு வந்த எட்டுப் பேரையும் அதற்குக் கீழே நிற்கவைத்தார். சரியாக ஐந்தரை அடி இருந்தவன் அழகிரி ஒருவன். கையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கம்பு. தலைப்பாகை உயரத்தைக் கூட்டிவிடும் என்று அதைக் கழற்றச் சொல்லிவிடுவார். இருட்டில் தெரியவேண்டும் என்று வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி.

"லண்டன்ல இருக்கிற எல்லாத் தொரைக்கும் என் ஒசரம் தெரியும்ணே. பேருதான் ஒருத்தனுக்கும் தெரியாது" என்பான். சொல்லிவிட்டுச் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது.

நிற்பதில் அவனுக்கு ஈடு கிடையாது. பட்டாளத்தில் காவல் நின்று பழகியவன். மூடியைக் கழற்றினால் கல்லாகிவிடுவான். 'போதும்' என்று குரல் கொடுக்கும்வரை இமைகூட அடக்கி அடக்கித்தான் அடிப்பான். ஒருமுறை நடு எண்ணிக்கையில் ஒரு எருமை வந்து அவன் முழங்கையை நக்கிக்கொண்டு நின்றது. எருமை படத்தில் புகை மாதிரி விழுந்திருக்கிறது. அவன் அப்படியே விழுந்திருக்கிறான். அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்று சொல்லலாம். பட்டாளம் பாதி, நான் பாதி.

அந்த வளைவின் மேல் விளிம்பில் தேன்கூடுகள் தொங்கின. ஏழு. ஒவ்வொன்றும் ஒரு கதவு அகலம். மலைத்தேனீ. வீட்டுக்குள் வருகிற சின்னத் தேனீயை வைத்து அதை நினைக்காதீர்கள். முதல் நாள் நாங்கள் பெட்டிகளை இறக்கும்போதே அந்த மலையில் தேன் எடுக்கிற ஆள் ஒருவன் வந்துவிட்டான். தாக்கர் என்கிற மலைச்சாதி. பெயர் பிகா. எனக்கு அவன் பாஷை அரைகுறை. சத்தம் போட்டால் பரவாயில்லை, பாட்டுப் பாடினாலும் பரவாயில்லை, வாசனையும் வெளிச்சமும் மேலே போகக்கூடாது என்றான். நான் மருந்து கலக்க, வாடை தூக்குகிற ஈதர் புட்டியைத் திறந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. மேலேதான் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மூன்று நாள் வந்து இப்படி மேலே பார்த்துவிட்டுப் போனான். நான்காம் நாள் வரவில்லை. பெண்டாட்டியையும் ஆடுகளையும் கூட்டிக்கொண்டு மலையின் அந்தப் பக்கம் போய்விட்டான் என்று தண்ணீர் கொண்டுவருகிறவர்கள் சொன்னார்கள். அழகிரி அதைக் கேட்டுவிட்டு, "வீட்டுக்காரனே காலி பண்ணிட்டான், வாடகைக்கு வந்த நாம ஒக்காந்திருக்கோம்" என்றான்.

துரை பிகா சொன்னதைக் கேட்டுக்கொண்டார். அதை நான் மறைக்கவில்லை. உள்ளே ஸ்தூபிக்கு வெளிச்சம் காட்ட ஒரு பெரிய நிலைக்கண்ணாடி வைத்திருந்தோம். முற்றத்தில் வெயிலில் நின்று கண்ணாடியைச் சாய்த்தால் வெளிச்சம் தரையோடு ஓடி ஸ்தூபியில் போய் விழும். அந்த வெளிச்சம் தூணின் தலைக்கு மேலே ஒரு சாண்கூடப் போகக்கூடாது என்று துரை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்படியே ஸ்தூபியை எடுத்தோம், தூண்களை எடுத்தோம். நல்ல படங்கள். ஆனால் வேறு யாரும் எடுத்துவிடக்கூடிய படங்கள்.

ஆறாம் நாள் துரைக்குக் காய்ச்சல். கீழே கோர்வடியில் கூடாரத்தில் படுத்துவிட்டார். சீட்டு ஒன்று எழுதி அனுப்பினார். மறுநாள் சாமான் கட்டவேண்டும், வளைவுப் படம் வேண்டாம், அதை விட்டுவிடு என்று. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் வளைவையே பார்த்தேன். கேமரா அங்கே நிற்கிறது. மருந்து இருக்கிறது. ஒரு பெரிய பிளேட் பாக்கி இருக்கிறது. துரை இல்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாகத் துரை இல்லை.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கமாட்டேன். எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள், பதில் ஒன்றுக்கும் உதவாது.

மறுநாள் காலை பத்து மணி. முகப்பு மேற்குப் பார்த்தது, அதனால் அந்த நேரத்தில் நிழலில் இருக்கும். முற்றத்து விளிம்பில் மட்டும் வெயில். கண்ணாடியை அந்த விளிம்பில் வைத்து மேலே திருப்பினால் வெளிச்சம் வளைவுக்குள் புகுந்து விலாக்களில் விழும். அசையாமல் ஒரே இடத்தில் காட்டினால் அந்த இடம் மட்டும் வெளுத்துவிடும். மெதுவாக, வெள்ளையடிக்கிற மாதிரி, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் நகர்த்தவேண்டும். முந்நூறு எண்ணும்வரை. இந்த யோசனை துரைக்கு வந்திருக்காது. யாருக்கும் வந்திருக்காது.

சாமான் சுமக்கிறவர்களைக் கீழே அனுப்பிவிட்டேன். நானும் அழகிரியும் மட்டும். அவன் அன்று காலை ஓடையில் உட்கார்ந்து சுத்தமாகச் சவரம் செய்துகொண்டு வந்தான். கடைசிப் படமாம். இன்றைக்குக் கொஞ்சம் நீளம், முந்நூறு என்றேன். "நில்லுன்னா நிக்கப்போறேன். மேல இருக்கிறவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டான். ஒன்றிரண்டு வந்து உட்கார்ந்தால் அசையாதே, அசைந்தால்தான் கொட்டும் என்றேன். எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள்? உங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

மூடியைக் கழற்றினேன். கறுப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்குப் போனேன். எண்ண ஆரம்பித்தேன்.

பிறகு நடந்த விசாரணையில் நான் சொன்னது, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றையும் பார்க்கவில்லை என்று. அது பொய் இல்லை. ஐம்பது, அறுபது வரை கண்ணாடியைத்தான் பார்த்தேன்.

அறுபதுக்கு மேல் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்க்க நிமிர்ந்தேன். விலாக்கள் தெரிந்தன. மண் நிறத்தில், ஒவ்வொன்றாக, வெளிச்சம் போகப் போகத் தெரிந்தன. அந்தத் தச்சர்களுக்குப் பிறகு அதை அப்படிப் பார்த்தவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். வெளிச்சம் போகிற வழியில் கூடுகளைத் தொட்டுக்கொண்டு போனது. தொட்ட கூட்டின் மேல் ஒரு அலை ஓடியது. ஆயிரக்கணக்கான தேனீ ஒரே சமயத்தில் பின்பக்கத்தைத் தூக்கி இறக்கும், அப்போது அப்படித் தெரியும். யாரோ ஒரு கையால் தடவிக்கொண்டு போன மாதிரி. அழகாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது மறுபடி தொட்டேன். மறுபடி அலை. இந்தத் தடவை அலை நிற்கவில்லை.

நூறு இருக்கும். மேலே இரைச்சல் சட்டென்று நின்றது. அது வரைக்கும் இரைச்சல் இருந்தது என்பதே அது நின்றபோதுதான் தெரிந்தது. பிறகு கூடுகள் சிறுத்தன. அப்படித்தான் சொல்லமுடியும். மேலே சிறுத்தது, கீழே கறுத்தது.

எனக்கும் நான்கைந்து கொட்டின. துணி தோளில் இருந்தது. தலையோடு போர்த்துக்கொண்டு ஓடிவந்து கேமராவின் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். கனத்த துணி, இரண்டு மடிப்பு, ஒன்றும் உள்ளே வரவில்லை. கண்ணாடி கைவிட்டுப் போய்விட்டது, ஆனால் அதற்குள் விலாக்களுக்கு வேண்டிய வெளிச்சம் ஏறியிருக்கும் என்று தெரியும். கீழ்ப்பகுதிக்கு, தூணுக்கு, முந்நூறு வேண்டும். எண்ணினேன்.

துணிக்குள் இருந்தபடியே எண்ணினேன். வேகமாக எண்ணினேனா, மெதுவாக எண்ணினேனா? இத்தனை வருஷத்தில் அந்த எண்ணிக்கையை எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நேரம் ஆகிறது.

துணியில் ஒரு விளிம்பைத் தூக்கி ஒரு தடவை பார்த்தேன். நூற்று நாற்பதில். அவன் நின்றுகொண்டிருந்தான். ஓடு என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் ஓடியிருப்பான், ஓடையில் விழுந்திருப்பான், தூணருகே ஒரு புகை மட்டும் விழுந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது. வாய் வரைக்கும் வந்தது என்றுதான் நினைக்கிறேன். நூற்று நாற்பத்தொன்று என்று எண்ணிக்கைதான் வெளியே வந்தது.

முந்நூறில் கையை நீட்டி மூடியை மாட்டினேன். பிளேட்டை எடுத்துக்கொண்டு, துணியோடு குனிந்தே போய், பிளேட் கழுவுகிற இருட்டுக் கூடாரத்தில் புகுந்தேன். எட்டு நிமிஷத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. முதலில் உங்களை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அதைத்தான் சொல்கிறேன். காய்ந்துவிட்டால் அவன் நின்றது வீண். அப்படித்தான் யோசித்தேன். சத்தியமாக அவனுக்காகவும்தான் யோசித்தேன்.

மருந்து ஊற்றியதும் விலாக்கள் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று... பதினேழும். கரி போய்விட்டது. கொஞ்சநேரம் எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கல்யாணத்தில் இல்லை, பிள்ளை பிறந்தபோது இல்லை.

அப்புறம் இடது ஓரத்தைப் பார்த்தேன். உங்களுக்குத் தெரியும், நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெள்ளைச் சட்டை கறுப்பாக விழவேண்டும். வேட்டி கறுப்பாக விழுந்திருந்தது. கம்பு விழுந்திருந்தது, கட்டம் எண்ணிவிடலாம். ஆனால் தலையிலிருந்து இடுப்புவரை ஏறக்குறைய வெறும் கண்ணாடி. கோடு மட்டும் கூர்மை. கொஞ்சம்கூட ஆடவில்லை தம்பி. சட்டையின் மேல் இருந்தவை ஆடியிருக்கின்றன, அவன் ஆடவில்லை.

உங்கள் பட்டியலில் இந்தப் படத்துக்கு என்ன குறிப்பு எழுதியிருக்கிறீர்கள்? படியுங்கள். 'தூணருகே கறுப்புக் கம்பளி போர்த்தி நிற்கும் தாடிக்கார மலைவாசி.' துரை ஆல்பத்தில் அப்படி இல்லை, அது நீங்களாக எழுதியது. படத்தைப் பார்த்து எழுதினீர்கள், தப்பு இல்லை. யார் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும். அவன் மலைவாசி இல்லை. பூந்தமல்லிக்காரன். கம்பளியும் இல்லை. தாடியும் இல்லை. இதை அங்கே இருந்தவனைத் தவிர யார் சொல்லமுடியும்?

வெளியே வந்தேன். தேனீக்கள் பெரும்பாலும் மேலே போய்விட்டிருந்தன. அவன் தூணில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தான். கம்பு நேராக இருந்தது. கண் இரண்டும் மூடி வீங்கிவிட்டன, பார்வை இல்லை. என் செருப்புச் சத்தம் கேட்டிருக்கவேண்டும்.

"போதுமாண்ணே?" என்றான்.

நான் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். மூடியை மாட்டியதும் சொல்லியிருக்கவேண்டும். பிளேட்டின் நினைவில் விட்டுவிட்டேன். அப்போதுதான் சொன்னேன். சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான்.

மலையிலிருந்து கீழே கொண்டுபோக நான்கு பேர் வர நேரமாயிற்று. பாதி வழியில், பகல் இரண்டு மணி இருக்கும், முடிந்துவிட்டது.

இப்போது துரை செய்ததைக் கேளுங்கள். என் மனக்குறை இதுதான், மற்றதெல்லாம் இதற்கு முன்கதை. காய்ச்சலோடு எழுந்து வந்தார். கூடாரத்தில் பிளேட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அழகிரியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அப்புறம்தான் கேட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மூன்றாம் நாள் தாலுகா அதிகாரி விசாரணைக்கு வந்தார். துரை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நடுங்கிக்கொண்டே, "கேமராவில் நான் இருந்தேன். கண்ணாடியை மேலே திருப்பச் சொன்னதும் நான்தான். என் தலை துணிக்குள் இருந்தது, அதனால் பார்க்கவில்லை" என்று சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இவன் கண்ணாடி பிடித்த ஆள், அவ்வளவுதான் என்றார். அவ்வளவுதான் என்று எழுதிக்கொண்டார்கள்.

என் படம். என் யோசனை, என் எண்ணிக்கை, என் மூடி. ஒரு வாக்கியத்தில் எடுத்துக்கொண்டார். நான் அங்கே எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள், அதிகாரி முன்னால் துரை பேச்சை மறுக்கிற காலமா அது?

அதற்குப் பிறகு துரைக்குச் சர்க்கார் வேலை எதுவும் வரவில்லை. இரண்டு வருஷம் இங்கே சும்மா இருந்துவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார். போகும்போது மற்ற பிளேட்டுகளை என்னிடம் விட்டுவிட்டு அதை மட்டும் எடுத்துப் போனார். பார்த்தீர்களா, எது நல்ல படம் என்று அவருக்குத் தெரியும்.

ஒருநாள் என் மனைவி கேட்டாள், உங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாரோ என்னவோ என்று. இரண்டு நாள் அவளிடம் நான் பேசவில்லை. அவளுக்குப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. காப்பாற்றவேண்டுமென்றால் காப்பாற்றிவிட்டுப் படத்தை என் பெயரில் விட்டிருக்கலாமே? இரண்டும் எப்படி முடியும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். இரண்டும் எப்படி முடியும். நானும் யோசித்திருக்கிறேன். யோசித்தால் தூக்கம்தான் போகிறது. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஆக, தம்பி, வேட்டி விழுந்து சட்டை விழாதது, வேறு யாருக்குத் தெரியும்? நூற்று நாற்பதில் அவன் நின்றுகொண்டிருந்தது யாருக்குத் தெரியும்? துரை அந்த நேரம் இரண்டு மைலுக்குக் கீழே படுத்திருந்தார். இதைவிட ஆதாரம் உங்கள் மேலதிகாரிக்கு வேண்டுமா? அவரிடம் அப்படியே சொல்லுங்கள். ஒன்றையும் விடாமல் சொல்லியிருக்கிறேன்.

எழுதுங்கள். தாண்டவராயன். தகப்பனார் பெயர் ஏகாம்பரம். சிந்தாதிரிப்பேட்டை. மூடியைக் கழற்றியது இவன், மாட்டியது இவன் என்று எழுதினால் போதும், 'உதவி' என்ற வார்த்தை எங்கேயும் வரவேண்டாம்.

ஏன் தம்பி, எழுதாமல் இருக்கிறீர்கள்? பேனாவில் மை தீர்ந்துவிட்டதா? உள்ளே ஒரு புட்டி இருக்கிறது. இருங்கள், எடுத்துவருகிறேன். எழுந்திருக்காதீர்கள்.